சத்தம் போடாத செல்கள்

பிப்ரவரி 6, திங்கள்

இந்த டைரி எனக்காக வந்ததல்ல. குடல் மருத்துவர் என் வீட்டுக்காரரிடம், "தினமும் எத்தனை தடவை போறீங்க, ரத்தம் இருக்கா, வலி இருக்கா, எல்லாத்தையும் எழுதிட்டு வாங்க" என்று சொல்லியிருந்தார். இவரும் பெரிய மனிதர் மாதிரி தலையை ஆட்டிவிட்டு வந்து, டிரைவிங் ஸ்கூலில் ஆட்களுக்குக் கொடுக்க அடித்த டைரியில் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அட்டையில் சிவப்பு எல் போர்டு. ஒரு மாதமாக அதன்மேல் தூசிதான் எழுதிக்கொண்டிருந்தது. இன்று கேட்டேன்.

"அதையெல்லாம் எழுதி வெச்சு யாரு படிக்கறது? நீ வேணா உன்ற பூச்சிகளப் பத்தி எழுதிக்க அம்மிணி" என்றார்.

பூச்சி என்று இவர் சொல்வது நான் ஆராயும் பாக்டீரியாவை. சரி, காகிதம் வீணாக வேண்டாம். என் பெயர் வசுமதி. கல்லூரி வேலையை விட்டுவிட்டு முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்து ஐந்தாவது வருடம் ஓடுகிறது. ஓடுகிறது என்பது மரியாதைக்குச் சொல்வது, நகர்கிறது. இவர் குழந்தைவேல், சிங்காநல்லூரில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறார். பெருங்குடலில் புண். கிருமி எதுவும் கிடையாது. திருடனே வராத வீட்டில் "திருடன், திருடன்" என்று கத்தி ஊரைக் கூட்டுவதுபோல அவருடைய குடல் செல்கள் காரணமில்லாமல் கத்துகின்றன. வெள்ளையணுக்கள் தடியோடு ஓடிவந்து, திருடனைக் காணாமல் வீட்டையே அடித்து நொறுக்குகின்றன. மாத்திரை போட்டால் அடங்கியிருக்கும். இரண்டு வருடமாக அடங்கித்தான் இருக்கிறது.

கோவையில் எந்தப் பெட்ரோல் பங்கில் கழிவறை சுத்தம் என்று இவரைக் கேட்டால் தெரியும். வண்டி பழக வருகிறவர்களை அந்த வழியாகத்தான் ஓட்டவிடுவார். இவரிடம் கற்றவர்கள் ரிவர்ஸ் எடுக்கத் தடுமாறுவார்கள், பெட்ரோல் பங்குக்குள் மட்டும் அழகாகத் திருப்புவார்கள்.

பிப்ரவரி 12, ஞாயிறு

ஆய்வகத்தில் நான் வளர்க்கும் செல்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. போய்ச் சாப்பாடு மாற்றிவிட்டு வந்தேன். வரும் வழியில் கறி வாங்கினேன். சமைக்கத்தான் தெம்பில்லை, அவரே சமைத்தார்.

பிப்ரவரி 16, வியாழன்

ஆய்வகத்தில் நான் செய்வது இதுதான். மனிதக் குடல் செல்களைத் தட்டில் உள்ள சின்னச் சின்னக் குழிகளில் வளர்க்கிறேன். அவற்றுக்கு எரிச்சலூட்டும் ஒரு புரதத்தைக் கொடுத்தால், ஆள் கூப்பிடும் இன்னொரு புரதத்தை வெளியே விடுகின்றன. அதுதான் அவற்றின் கத்தல், அதை அளக்க முடியும். நல்ல பாக்டீரியாவைப் பக்கத்தில் விட்டால் அந்தக் கத்தல் குறைகிறதா என்பதுதான் என் ஆராய்ச்சி.

என் பாக்டீரியா வ.உ.சி. பூங்கா பக்கம் நிற்கும் கம்மங்கூழ் வண்டியிலிருந்து வந்தது. ஏழாவது குழாயில் வளர்ந்ததால் ஏழாம் நம்பர். இவர் அதை "உன்ற ஆளு" என்பார். "உன்ற ஆளு இன்னிக்கு என்ன பண்ணுச்சு?" என்றுதான் தினமும் விசாரிப்பு.

இன்று ஒரு தலைவலி. செல்களை வளர்க்கும் சத்துத் திரவத்துக்கு மீடியம் என்று பெயர், அது எப்போதும் இளஞ்சிவப்பாக இருக்கும். புளித்தால் மஞ்சளாகும். அது வந்து சேரவில்லை, வர ஒரு மாதம் ஆகுமாம். நிறமில்லாத மீடியம்தான் இருக்கிறது. சத்து ஒன்றுதான், சாயம் மட்டும் கிடையாது. "அதுல பண்ணிடும்மா, காத்துக்கிட்டிருந்தா வருஷம் போயிடும்" என்றார் திருவேங்கடம் சார், என் வழிகாட்டி. வருஷம் போவதைப் பற்றி எனக்குத் தெரியாதா?

பிப்ரவரி 24, வெள்ளி

முதல் தட்டின் அளவு வந்துவிட்டது.

சாயங்காலம் செல்களோடு ஏழாம் நம்பரைச் சேர்த்து வைத்தோம். மறுநாள் காலையில் எரிச்சல் கொடுத்தோம். பாக்டீரியா இல்லாத குழிகளில் செல்கள் தொண்டை கிழியக் கத்தியிருக்கின்றன. ஏழாம் நம்பர் இருந்த குழிகளில் மூச்சு விடவில்லை. அளக்கும் கருவி கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டுகிறது. என்னோடு ஆராய்ச்சி செய்யும் ஷிரின் என்னைக் கட்டிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து தோசை ஊற்றிக்கொண்டே அவரிடம் சொன்னேன். "உங்க வயித்துல இருக்கற மாதிரி செல்லுதானுங்க. எரிச்சல் குடுத்தாலும் சத்தமே போடல. மருந்தே இல்லாம அடங்கிருச்சு."

"மருந்தே இல்லாமயா?"

"ஆமாங்க. கூழுல இருக்கற பூச்சிதான்."

தட்டைக் கீழே வைத்துவிட்டு மறுபடி கேட்டார். "நெசமா மருந்தே இல்லாம?"

நான் சிரித்ததில் தோசை தீய்ந்துவிட்டது.

மார்ச் 1, புதன்

தினமும் அந்தக் கூழ் வண்டியில் நின்று ஒரு சொம்பு குடித்துவிட்டுத்தான் வருகிறாராம். மோர்மிளகாய் வேண்டாம் என்றேன். "உன்ற ஆளுக்குக் காரம் ஆகாதா?" என்று கேலி. நீண்ட நாளைக்குப் பிறகு இவர் இப்படிக் கலகலப்பாகப் பேசிப் பார்க்கிறேன்.

மார்ச் 4, சனி

இரண்டாவது தட்டும் அதே மாதிரி. பூஜ்யம். சார் மைசூர்பாகு வாங்கி வந்து எல்லோருக்கும் கொடுத்தார். மாத முடிவில் துறைக் கருத்தரங்கில் இதைப் பேச வேண்டுமாம், கட்டுரையையும் ஆரம்பிக்கச் சொல்லிவிட்டார்.

வேலை முடிந்த தட்டுகளைப் பிளீச்சிங் கரைசலில் கொட்டிவிட்டு வந்தேன். மேலே இருக்கும் திரவத்தை மட்டும் எடுத்து உறைய வைத்துக்கொண்டால் போதும், அளப்பது அதில்தான். உயிருள்ள பாக்டீரியா இருக்கும் தட்டை அதிக நேரம் வெளியே வைக்கக் கூடாது. மற்ற செல்களைக் கெடுத்துவிடும்.

மார்ச் 7, செவ்வாய்

துணியெல்லாம் அவரே துவைத்துக் காயப்போட்டுவிட்டார். நான் எழுந்திருக்கும் முன்பே. "நீ கட்டுரை எழுதறவ, உனக்கெதுக்கு இந்த வேலை?" என்கிறார். இப்படி ஒரு புருஷனை வைத்துக்கொண்டு குறை சொன்னால் வாய் அழுகிவிடும்.

மார்ச் 11, சனி

கட்டுரை முன்னுரையை நான்காம் முறை எழுதினேன். சார் நான்காம் முறை அடித்தார்.

மாடி வீட்டு அக்கா இவரைப் பார்த்துவிட்டு, "தம்பி எளைச்சு சினிமாக்காரராட்டம் ஆயிட்டாப்ல" என்றார். பெல்ட்டில் புது ஓட்டை போட்டிருக்கிறார். ஆணியைச் சுட்டு அவரே போட்டது, கோணலாக இருக்கிறது. எனக்கு உடம்பு ஊதிக்கொண்டே போகிறது, அவருக்கு இளைக்கிறது. கூழை நானும் ஆரம்பிக்க வேண்டும் போலிருக்கிறது.

மார்ச் 14, செவ்வாய்

மூன்றாவது தட்டு. பூஜ்யம். மூன்று முறை ஒன்றுபோல வந்தால் உலகம் நம்பும். எனக்குத்தான் சந்தோஷப்படத் தெம்பில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்கினேன்.

மார்ச் 16, வியாழன்

என் சித்தப்பா மகள் கல்யாண வரவேற்பு. மண்டபத்துக்குள் அவர் வரவே இல்லை. வண்டியை நிறுத்த இடம் கிடைக்கவில்லையாம். நான் சாப்பிட்டு வந்து பார்த்தால், மண்டபத்துக்கு அடுத்திருந்த பெட்ரோல் பங்கில் வண்டி நிற்கிறது, அவர் ஸ்டியரிங்மேல் தலையைச் சாய்த்திருக்கிறார். "சாப்புட்டீங்ளா?" என்றேன். "கூழே நெஞ்சு வரைக்கும் நிக்குது" என்றார். எல்லோரும் இவரை எங்கே என்று கேட்டார்கள். எனக்கு மானம் போயிற்று. வழியெல்லாம் நான் பேசவில்லை. அவரும் பேசவில்லை.

மார்ச் 19, ஞாயிறு

விடிகாலையில் பாத்ரூம் குழாய் வெகுநேரம் ஓடியது. பக்கெட் நிரப்புகிறார் போலிருக்கிறது. நேற்றுத்தான் தண்ணீர் வந்தது, எல்லாம் நிரம்பித்தான் இருக்கிறது.

மார்ச் 22, புதன்

இளஞ்சிவப்பு மீடியம் வந்து சேர்ந்தது. இனி எதற்கு என்று இருந்தது எனக்கு. "வந்ததுக்கு ஒரு தட்டு போட்டுப் பாத்துரலாங்க்கா, போட்டோ அழகா வரும்" என்றாள் ஷிரின். கட்டுரையில் ஒரு படம் வேண்டும்தானே. சாயங்காலம் செல்களையும் ஏழாம் நம்பரையும் சேர்த்து வைத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 23, வியாழன்

காலையில் ஷிரின்தான் முதலில் தட்டு இருந்த வெதுவெதுப்பான பெட்டியை, இன்குபேட்டரை, திறந்தாள்.

"அக்கா, இங்க வாங்க. மஞ்சளாயிருச்சு."

ஏழாம் நம்பர் இருந்த குழிகள் அத்தனையும் எலுமிச்சை மஞ்சள். பாக்டீரியா இராத்திரி முழுக்கப் பெருகிப் பெருகி மீடியத்தைக் கூழ் புளிப்பதுபோலப் புளிக்கவிட்டிருக்கிறது. தட்டை மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். தரையில் ஓடு பதித்த மாதிரி ஒட்டியிருக்க வேண்டிய செல்கள், உருண்டையாகச் சுருண்டு கழன்று மிதந்தன. ஒன்றுகூட ஒட்டியிருக்கவில்லை.

கத்த ஆளே இல்லை. இராத்திரியே செத்துப்போயிருக்கின்றன. செத்தவனிடம் போய் எரிச்சலைக் கொடுத்துவிட்டு, ஆகா என்ன பொறுமை என்று மூன்று தடவை எழுதி வைத்திருக்கிறேன். நிறமில்லாத மீடியம் புளித்தாலும் நிறம் மாறாது. தட்டைக் கொட்டும் முன் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். கலங்கலாக இருக்கும், என்ன தெரியப்போகிறது என்று வைக்கவில்லை. முதல் வருட மாணவிக்குச் சொல்லித்தரும் பாடம் இது.

சார் ஊரில் இல்லை. ஷிரினிடம் தலைவலி என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். எதையெல்லாம் பார்க்காமல் விட்டேன் என்று ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டு வந்தேன். சாயம் இல்லை, பார்க்கவில்லை. கலங்கல், பார்க்கவில்லை. லட்சுமி மில்ஸ் நிறுத்தத்தைத் தாண்டும்போது, நான் நினைத்துக்கொண்டிருந்தது தட்டைப் பற்றி இல்லை என்று தெரிந்தது. பெல்ட். நான் எழுந்திருக்கும் முன் துவைத்த துணி. பெட்ரோல் பங்கில் நின்ற வண்டி. நேற்றுத்தான் தண்ணீர் வந்தது என்று நானே எழுதியிருக்கிறேன்.

அவர் ஸ்கூலுக்குப் போகவில்லை. பாத்ரூம் வாசலில் பாய் போட்டுப் படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார முயன்றார்.

"என்ன அம்மிணி, நேரத்துலயே வந்துட்ட?"

"மாத்திரை போடறீங்களா?"

சிரித்தார்.

"என்னங்க, நெசத்தச் சொல்லுங்க."

"நீ அன்னிக்குச் சொன்னியில்ல, மருந்தே இல்லாம அடங்குதுன்னு. அடுத்த நாள்ல இருந்து நிறுத்திட்டன். கூழ் மட்டும் குடிச்சுட்டு இருந்தன்."

"ரத்தம் போகுதா?"

"போகுது."

"அப்பறம் ஏனுங்க எங்கிட்டச் சொல்லல?"

சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "சொன்னா உன்ற பரீட்சை பொய்யாப் போயிருமில்ல. நீ அஞ்சு வருசமாக் கெடந்து சாகற. கொஞ்ச நாள் பொறுத்தா அடங்கிரும்னு பாத்தன்."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. நன்றாகத் திட்டினேன். படிச்ச மனுசன் பண்ற வேலையா இது என்று கேட்டேன். யாரைக் கேட்டேனோ. திட்டிக்கொண்டே லுங்கியும் துண்டும் பையில் திணித்தேன். கையைப் பிடித்துத் தூக்கும்போது அவர் எடை எனக்குத் தெரிந்தது. ஆட்டோவில் என் தோளில் சாய்ந்துகொண்டார். சூடாக இருந்தார். அப்போதுதான் அழுதேன்.

மார்ச் 25, சனி

ஆஸ்பத்திரி. ரத்தம் இரண்டு பாட்டில் ஏற்றியாயிற்று. ஊசி மருந்து போகிறது. இன்னும் சில நாள் தாமதித்திருந்தால் குடலை வெட்டி எடுக்க வேண்டி வந்திருக்கும் என்றார் மருத்துவர். இப்போதும் அந்தப் பேச்சு முடிந்துவிடவில்லையாம், மருந்து கேட்கிறதா என்று பார்க்க வேண்டும்.

"யாரு நிறுத்தச் சொன்னது?" என்று மருத்துவர் கேட்டார். நான்தான் என்று சொன்னேன்.

மார்ச் 27, திங்கள்

சாரைப் பார்த்தேன். தட்டின் படத்தை மேசையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படத்தை உற்றுப் பார்த்தார். திட்டுவார் என்று இருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மூணு தடவை ஒரே மாதிரி வந்தா சரின்னு நினைச்சுக்கறோம். தப்பும் மூணு தடவை ஒரே மாதிரி வரும்மா" என்றார். பிறகு போனை எடுத்து, கருத்தரங்கில் என் பெயரை அவரே நீக்கச் சொன்னார். "என் பேர்லதான் தப்புன்னு சொல்லிருக்கேன். நீ ஆஸ்பத்திரிக்குப் போ."

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. உட்கார்ந்தேன்.

மார்ச் 30, வியாழன்

மருந்து கேட்கிறது. கத்தி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். காலையில் ஒரு இட்லி சாப்பிட்டார். ஒரு இட்லி.

ஏப்ரல் 2, ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டோம். மாத்திரையை நான் கையில் கொடுத்து, விழுங்கும்வரை நின்று பார்க்கிறேன். "ஜெயில் வார்டனாட்டம் நிக்கற" என்கிறார். நிற்பேன்.

மாடி வீட்டு அக்கா ரசம் கொடுத்தனுப்பினார். அவர் தூங்கியதும், செல்களுக்குச் சாப்பாடு மாற்ற ஓடினேன். ஷிரின் ஏற்கனவே மாற்றி வைத்திருந்தாள். போன வாரமும் அவள்தான்.

ஏப்ரல் 6, வியாழன்

முதலிலிருந்து ஆரம்பித்தாயிற்று. ஏழாம் நம்பரைச் சுடுநீரில் வைத்துச் சாகடித்தேன். செத்த பாக்டீரியா பெருகாது, புளிக்காது. ஆனால் அதன் மேல்தோல் அப்படியே இருக்கும். குடல் செல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கைகளால் தடவிப் பார்த்து அடையாளம் காண்பது அந்தத் தோலைத்தான். வந்தவன் பழகினவன் என்று தெரிந்தால் சில சமயம் கத்தலைக் குறைத்துக்கொள்ளும். அது உண்மையா என்று பார்க்க வேண்டும். இந்தத் தடவை மீடியம் இளஞ்சிவப்பு. இந்தத் தடவை ஒவ்வொரு தட்டுக்கும் நீலச் சாயம். செத்த செல் சாயத்தை உறிஞ்சி நீலமாகிவிடும், உயிருள்ளது உள்ளே விடாது.

காலை, மதியம், சாயங்காலம் மூன்று வேளையும் மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். ஷிரின் சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

ஏப்ரல் 13, வியாழன்

அளவு வந்தது. மீடியம் இளஞ்சிவப்பாகவே இருக்கிறது. நீலமாக ஏதோ ஒன்றிரண்டுதான். செல்கள் ஓடு பதித்த மாதிரி ஒட்டியிருக்கின்றன.

கத்துகின்றன. ஏழாம் நம்பர் இருக்கும் குழிகளிலும் கத்துகின்றன. முன்னைவிடக் கொஞ்சம் குறைவாக, அவ்வளவுதான். மைசூர்பாகு வாங்குகிற மாதிரி ஒன்றும் இல்லை. சார் பார்த்துவிட்டு, "இதுதான் நெஜம் மாதிரி இருக்கு. இன்னும் ரெண்டு தடவை பண்ணு" என்றார். ஆறாவது வருடமும் ஓடும், அதாவது நகரும். அந்தக் கத்தலின் அளவைக் காகிதத்தில் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு கத்தலைப் பார்த்து இவ்வளவு நிம்மதி எனக்கு வந்ததே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அவர் கேட்டார். "உன்ற ஆளு என்ன பண்ணுச்சு?"

போன தடவை சொல்லாமல் விட்டதை முதலில் சொன்னேன். "தட்டு வேறங்க, வயிறு வேற. தட்டுல கொஞ்சம் கொறையுது. உங்க வயித்துல என்ன பண்ணும்னு எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. மாத்திரை மாத்திரைதான்."

"அதான் வார்டன் நிக்கறியே" என்றார்.

"வார்டன் பாத்தாப் பத்தாதுங்க. வலிச்சா வலிக்குதுன்னு சொல்லோணும். நீங்க சொன்னாத்தான் எனக்குத் தெரியும். எனக்கு ஒண்ணும் பொய்யாப் போயிராது. போனாலும் போகட்டும்."

இந்த டைரியை அவர் தலைமாட்டில் வைக்கப்போகிறேன். இது அவருக்கென்று வந்தது. நான் எழுதியதையும் படிக்கட்டும். வரவேற்பு அன்று வழியெல்லாம் ஏன் பேசவில்லை என்பதும் அதில் இருக்கிறது.

ஏப்ரல் 14, வெள்ளி

இது குழந்தைவேல் எழுதுவது.

டாக்டர் கேட்ட கணக்கு: இன்னைக்கு நாலு தடவை. ரத்தம் கொஞ்சமா இருக்குது. வலி இருக்குது, எடப்பக்கம், சாப்பிட்டதுக்கு அப்பறம் ஜாஸ்தி. மாத்திரை போட்டாச்சு, வார்டன் பாத்தாச்சு.

கல்யாணத்துக்கு உள்ள வரோணும்னு ஆசையாத்தான் இருந்துச்சு. பட்டுச் சீலையில நீ படியேறிப் போனதை வண்டியில இருந்து பாத்துட்டு இருந்தன்.

பயமா இருக்குதுன்னு எழுதலாமான்னு டாக்டர் சொல்லல. பயமா இருக்குது அம்மிணி.